குஞ்சு வாங்கும் முன் தாய்க்கோழியைப் பார்ப்போம்!



"தாயைத் தண்ணித் துறையில பாத்தா, மகளை வீட்டுல போய்ப் பாக்க வேண்டாம்" என்று நம் ஊர்ப் பக்கம் ஒரு சொலவடை உண்டு. பெண் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொன்ன வார்த்தை அது. பெண்களுக்கு அது பொருந்துமா என்பதை இன்னொரு நாள் பேசுவோம். கோழிக்குஞ்சுக்கு நிச்சயம் பொருந்தும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

"கோழி வளக்கிறதுக்கு எங்களுக்கு என்னம்மா பாடம்? அம்மா காலத்துல இருந்து வளக்கிறோம்ல?" என்று நீங்கள் கேட்பது எங்கள் காதில் விழுகிறது. உண்மைதான். வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். கழிச்சல் வந்தால் எப்படி முடங்கும், பருந்து எந்த நேரம் இறங்கும் என்பதை எல்லாம் நாங்களே உங்களிடம்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் கடன் எடுத்து, மொத்தமாகக் குஞ்சு வாங்குவது புதிய வேலை. அங்கேதான் நாம் ஏமாந்தோம். "நாம்" என்று சொல்லும்போது எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நடந்தது என்ன?

2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்துக்கு ஒரு குஞ்சு வியாபாரி வந்தார். "சுத்தமான சிறுவிடைக் கோழி. ஆறு மாதத்தில் முட்டை. வருஷத்தில் போட்ட பணம் மூணு மடங்கு" என்றார். வண்ண நோட்டீசு கொடுத்தார். அவருக்குக் கூட்டத்தில் பேச இடம் கொடுத்தது நாங்கள்தான். அவருடைய பண்ணையை நாங்கள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஒரு குழுவில் ஐந்து பேர் முன்வந்தார்கள். ஆளுக்கு 6,000 ரூபாய் வீதம் குழுவிலிருந்து 30,000 ரூபாய் உள்கடன். குஞ்சு ஒன்று 50 ரூபாய். ஆளுக்கு 60 குஞ்சு. மொத்தம் 300 குஞ்சுக்கு 15,000 ரூபாய். மீதிப் பணத்தில் கூண்டும் தீவனமும் வாங்கினார்கள்.

வேன் வந்தது. அட்டைப் பெட்டிகளை இறக்கினார்கள். முந்நூறு குஞ்சும் ஒரே மாதிரி வெளிர் மஞ்சள். "ஏண்ணே, நாட்டுக்குஞ்சு கருப்பு, செவலை, கோடு போட்டதுன்னு கலந்துல்ல இருக்கும்?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். "வளர வளர நிறம் மாறும்மா" என்று பதில் வந்தது. நல்ல கேள்வி கேட்டவரை அன்று யாரும் ஆதரிக்கவில்லை. நாங்களும்தான்.

அடைமழைக் காலம். இரண்டு வாரத்தில் 90 குஞ்சு செத்தது. பிறகு நாயும் கீரியும் 30 கொண்டுபோயின. மிஞ்சிய 180-ம் மளமளவென்று வளர்ந்தன. இரண்டு மாதம் ஆனதும் எல்லாவற்றுக்கும் கொண்டை சிவந்தது. மூன்றாம் மாதம் எல்லாமே கூவ ஆரம்பித்தன. 180-ல் பெட்டை ஒன்றுகூட இல்லை!

விற்கக் கொண்டுபோனபோது கறிக்கடைக்காரர் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இது நாட்டுக்கோழி இல்லம்மா. முட்டைப் பண்ணைக் கோழியோட சேவல்." ஒன்று 100 ரூபாய்க்குத்தான் போனது. 18,000 ரூபாய் வந்தது. அசலில் மட்டும் 12,000 ரூபாய் பள்ளம். நான்கு மாத உழைப்புக்குக் கணக்கே இல்லை. வியாபாரியின் செல்போன் "தற்போது உபயோகத்தில் இல்லை" என்றது.

ஒரு சகோதரி ஆட்டை விற்றுத் தவணை கட்டினார். இன்னொருவர் நூறு நாள் வேலைக் கூலியைக் கொண்டுவந்து கட்டினார். ஒருவர், வீட்டில் கேட்ட பேச்சு தாங்காமல், குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பணம் போனதைவிட அதுதான் எங்களுக்குப் பெரிய நட்டம்.

அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன?

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முட்டைக்காக வளர்க்கும் பெரிய பண்ணைகளுக்குப் பெட்டைக் குஞ்சு மட்டுமே தேவை. ஆனால் பொரிப்பகத்தில் பாதிக்குப் பாதி சேவல்தான் பொரியும். அந்தச் சேவல் குஞ்சுகளைப் பண்ணைக்காரர் வாங்குவதில்லை. அவை மிகக் குறைந்த விலைக்கு வெளியே போகின்றன. திருவிழாவில் பச்சை, ரோஸ் கலர் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவும் இப்படி வந்தவைதான். அதையே சாயம் ஏற்றாமல், "சிறுவிடை" என்று பெயர் ஏற்றி நமக்கு விற்றுவிட்டார்கள்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. கொங்கு மாவட்டங்களில் ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கிய நிறுவனங்கள் 2012-ல் கவிழ்ந்தன. "குஞ்சு நாங்க தர்றோம், வளர்ந்ததை நாங்களே வாங்கிக்கிறோம்" என்பதுதான் அங்கே சொன்ன பேச்சு. மகாராட்டிர மாநிலம் சாங்லி பகுதியில் 2019-ல் கடக்நாத் என்னும் கருங்கோழியை வைத்து இதே போன்ற மோசடி வெளிப்பட்டது. பறவை மாறுகிறது. பேச்சு மாறுவதில்லை.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: எனக்கு எந்தக் கோழி வேண்டும்?

"நல்ல கோழி" என்று ஒன்று தனியாகக் கிடையாது. எதற்காக வளர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சிறுவிடை: நம் வீட்டு வாசலில் திரியும் சிறிய நாட்டுக்கோழி. பெட்டை ஏறக்குறைய ஒன்று, ஒன்றேகால் கிலோ. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை. தானே அடைகாத்து, தானே குஞ்சைக் காப்பாற்றி வளர்க்கும். தீவனச் செலவு மிகக் குறைவு. வளர ஐந்தாறு மாதம் ஆகும். ஆனால் கறிக்கு நல்ல விலை உண்டு.

பெருவிடை: அசில் இனம். நீண்ட கழுத்து, நீண்ட கால், நிமிர்ந்த நிலை, சிறிய கொண்டை. சேவல் நான்கு கிலோவைத் தாண்டும். முட்டை குறைவு. "சண்டைச் சேவல், குஞ்சே ஆயிரக்கணக்கில் விலை போகும்" என்று யாராவது ஆசை காட்டினால் போகாதீர்கள். கோழிகளைச் சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கடக்நாத்: மத்தியப் பிரதேசம் சாபுவா மாவட்டத்துக் கோழி. தோல், கொண்டை, நாக்கு, கறி எல்லாம் கருப்பாக இருக்கும். அந்த ஊர்க் கடக்நாத் கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில் ஒரு முக்கியச் செய்தி: இதன் முட்டை கருப்பு அல்ல. வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். "கருப்பு முட்டை" என்று காட்டுகிறவர் ஏமாற்றுகிறார். இந்தக் கோழி அடைக்கு அவ்வளவாக உட்காராது. நம் சந்தையில் யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் இதில் இறங்க வேண்டாம்.

மேம்படுத்தப்பட்ட கோழிகள்: ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி, நாமக்கல் கோழி-1 போன்றவை. நாட்டுக்கோழி மாதிரி நிறம் இருக்கும், முட்டையோ எடையோ கூடுதலாகக் கிடைக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வனராஜா, கிராமப்பிரியா போன்ற கலப்புக் கோழிகளிடம் அடைகாக்கும் குணம் எதிர்பார்க்க முடியாது. அவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் அடுத்த தலைமுறை தாயைப் போல இருக்காது. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கியாக வேண்டும்.

ஆக, தீவனத்துக்கு அதிகம் செலவழிக்க முடியாத, நான்கைந்து கோழியில் தொடங்கி வீட்டிலேயே பெருக்க நினைக்கும் சகோதரிக்குச் சிறுவிடைதான் தோது. சிக்கல் என்னவென்றால், சிறுவிடையை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கருப்பு, செவலை, புள்ளி, சாம்பல் என எல்லா நிறத்திலும் உண்டு. ஒரு நாள் குஞ்சைக் கையில் வைத்துப் பார்த்து இது சிறுவிடை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் தாயைப் பார்க்கச் சொல்கிறோம்.

யாரிடம் கேட்பது?

ஏமாந்த பிறகு, நாங்களும் அந்தக் குழுவின் ஊக்குநரும் மீண்டும் தேட ஆரம்பித்தோம். இரண்டு வாரம் எல்லா இடத்திலும் "சிறுவிடைக் குஞ்சு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டோம். கேட்ட இடத்தில் எல்லாம் வியாபாரிகளின் போன் நம்பர்தான் கிடைத்தது. அதில் ஒருவரிடம் நேரில் போனோம். குஞ்சு அடுக்கடுக்காக இருந்தது. தாய்க்கோழி எங்கே என்று கேட்டால், "அது வேற இடத்துல இருக்கு" என்றார். எந்த இடம் என்று சொல்லவில்லை. திரும்பிவிட்டோம்.

கால்நடை மருந்தகத்தில் விசாரித்தபோது, தடுப்பூசி போட ஊர் ஊராகப் போகும் உதவியாளர் ஒரு வார்த்தை சொன்னார். "குஞ்சு எங்க கிடைக்கும்னு கேக்காதீங்க. அடைக்கோழி எந்த வீட்டுல நிக்குதுன்னு கேளுங்க."

கேள்வியை மாற்றினோம். மறு வாரமே பதில் வந்தது. பக்கத்து ஊராட்சியில், கண்மாய்க் கரையோரம், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா. 16 பெட்டை, 2 சேவல். வேப்பமரத்தடியில் ஒரு பெட்டை ஒன்பது குஞ்சுடன் கிளறிக்கொண்டிருந்தது. பஞ்சாரத்துக்குள் இன்னொன்று அடையில் இருந்தது. நாங்கள் பக்கத்தில் போனதும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. "அதுதான்த்தா கோழி. கொத்த வராத கோழி குஞ்சைக் காப்பாத்தாது" என்றார் அப்பத்தா.

பெட்டையை விலைக்குக் கேட்டோம். "பெட்டையக் குடுக்க மாட்டேன். முட்டை வேணா எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு பதினஞ்சு ரூவா" என்றார். நாங்கள் கொஞ்சம் தயங்கினோம். அவர் விடவில்லை. "ஊர் பேர் தெரியாத வேன்காரனுக்குக் குஞ்சு அம்பது ரூவான்னு குடுத்தீகளாம்ல. எனக்குப் பதினஞ்சு குடுக்க யோசிக்கிறீகளா?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

ஒவ்வொரு ஆண்டும் பொங்கல் முடிந்ததும் அவர் ஒரு சேவலைத் தன் மகள் வாக்கப்பட்ட ஊருக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரு சேவலை வாங்கிக்கொள்கிறார். "ஒரே ரத்தமாப் போச்சுன்னா குஞ்சு நோஞ்சானாப் போகும்" என்றார். நாங்கள் பட்டப்படிப்பில் படித்ததும் இதுதான். அண்ணன் தங்கை உறவில் திரும்பத் திரும்ப இனம் சேர்ந்தால் முட்டை குறையும், பொரிப்பு குறையும், நோய் தாங்காது.

அப்பத்தா போன்றவர்கள் தவிர, நீங்கள் கேட்கக்கூடிய இடங்கள்:

1. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவர். யார் பண்ணையில் நோய் வந்தது, யார் தடுப்பூசி போடுகிறார் என்பது அவருக்குத் தெரியும்.

2. மாவட்டங்களில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையங்கள்.

3. வேளாண் அறிவியல் நிலையம். பயிற்சியும் கிடைக்கும், நல்ல பண்ணைக்காரர்களின் விவரமும் கிடைக்கும். அரசு நிலையங்களில் குஞ்சு வாங்க முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டி வரலாம். பொறுமையாக இருங்கள்.

4. நம் கூட்டமைப்பின் மற்ற குழுக்கள். கூட்டத்தில் எழுந்து கேட்டால் போதும்.

சந்தையில் கூடைக்கோழி வாங்குவதைத் தவிருங்கள். பல ஊர்க் கோழி கூடும் இடம் சந்தை. ஒன்றுக்கு நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

பண்ணையில் என்ன பார்ப்பது, என்ன கேட்பது?

குறைந்தது இரண்டு பேர் நேரில் போங்கள். வீட்டு ஆண்களை மட்டும் அனுப்பிவிட்டு இருக்காதீர்கள். வளர்க்கப் போவது நீங்கள். பார்க்க வேண்டியதும் நீங்கள்தான். ஒரு பண்ணைக்குப் போன பிறகு, அதே நாளில் வீட்டுக் கோழிகளுக்குள் போகாதீர்கள். காலையும் செருப்பையும் கழுவி, துணி மாற்றிவிட்டுப் போங்கள்.

தாய்க்கோழி கண்ணில் பட வேண்டும். "வேற இடத்துல இருக்கு" என்றால் அந்த இடத்துக்குப் போக வேண்டும். காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

பெட்டை எத்தனை, சேவல் எத்தனை என்று கேளுங்கள். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் சரி. சேவலைக் கடைசியாக எப்போது மாற்றினார் என்றும் கேளுங்கள்.

வேறு இனக் கோழிகள் அதே கொட்டகையில் கலந்து திரிகின்றனவா என்று பாருங்கள். கலந்து திரிந்தால் குஞ்சும் கலப்புதான்.

தாய்க்கோழிகளுக்குக் கண் தெளிவாக இருக்கிறதா, மூக்கில் சளி இருக்கிறதா, பின்பக்கச் சிறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சில நோய்கள் தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடும். பிறகு நாம் என்ன மருந்து கொடுத்தும் பயன் குறைவு.

எந்தத் தேதியில் என்ன தடுப்பூசி போட்டார் என்று கேளுங்கள். நோட்டில் எழுதி வைத்திருப்பவர் நல்ல பண்ணைக்காரர்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாய்க்கணக்கு போடுங்கள். ஒருவரிடம் 40 சிறுவிடைப் பெட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடைக்கு விடாமல் முட்டையை எடுத்தாலும், ஒரு பெட்டை சராசரியாக மாதம் 8 முட்டை இட்டால் பெரிது. 40 பெட்டைக்கு 320 முட்டை. நூற்றுக்கு 75 பொரிந்தால் 240 குஞ்சு. அவ்வளவுதான் அவரால் ஒரு மாதத்தில் தர முடியும். "வாரம் ஆயிரம் குஞ்சு வேணும்னாலும் தர்றேன்" என்று அவர் சொன்னால், மீதிக் குஞ்சு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். எங்களுக்கு வந்த வியாபாரியிடம் இந்த ஒரு கணக்கைக் கேட்டிருந்தால் முப்பதாயிரம் கடன் எடுத்திருக்க மாட்டோம்.

வாங்கும்போது

முதல் முறையே அதிகம் வாங்காதீர்கள். 10 அல்லது 20 குஞ்சு வாங்கிப் பாருங்கள். நாட்டுக்குஞ்சில் பாதி சேவலாக இருக்கும் என்று எதிர்பாருங்கள். "எல்லாம் பெட்டைதான் தருவேன்" என்றால் நம்பாதீர்கள். எல்லாக் குஞ்சும் அச்சில் வார்த்தது போல ஒரே நிறத்தில் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ரசீது கேளுங்கள். அதில் இனத்தின் பெயர், பொரித்த தேதி, எண்ணிக்கை, விலை, போட்ட தடுப்பூசி, விற்றவர் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். வெறும் "கோழிக்குஞ்சு 300" என்று எழுதிய சீட்டால் பயன் இல்லை. எங்களிடம் இருந்தது அப்படி ஒரு சீட்டுத்தான்.

ஒரு நாள் குஞ்சைவிட, தடுப்பூசி போட்ட ஒரு மாதக் குஞ்சு விலை கூடுதல். ஆனால் சாவு குறைவு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே நல்லது.

ஒரு நாள் குஞ்சுதான் வாங்குகிறீர்கள் என்றால் முதல் வாரம் சூடு மிக முக்கியம். குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட் குண்டு பல்பு வேண்டும். இப்போது வரும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். விலகி ஓடி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக நின்று மேய்ந்தால் சரி. ஐப்பசி மழையில் நம் 90 குஞ்சு செத்ததற்குக் காரணம் இனம் மட்டும் இல்லை. சூடு கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் குஞ்சை இறக்கியதும் ஒரு காரணம்.

வளர்ந்த கோழி எங்கிருந்து வாங்கினாலும் மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக் கோழிகளோடு சேருங்கள். தனித் தட்டு, தனித் தண்ணீர்.

தடுப்பூசி: முதல் வாரத்தில் கழிச்சல் நோய்க்குக் கண்ணில் ஒரு சொட்டு. இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கு. நான்காம் வாரம் மீண்டும் கழிச்சலுக்கு. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அம்மைத் தடுப்பூசியும், கழிச்சலுக்கு இறக்கை ஊசியும். உங்கள் பகுதிக்கு ஏற்ற நாட்களைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் குஞ்சுக்காக ஒரு குப்பி உடைப்பதைவிட, தெருவில் உள்ள எல்லாக் குஞ்சுகளுக்கும் ஒரே நாளில் போடுவது சிக்கனம். குழு இருப்பது இதற்கும்தான்.

முட்டையில் தொடங்கலாம்

2023 தை மாதம், அந்த ஐந்து பேரில் மூன்று பேர் மீண்டும் முயன்றார்கள். இந்த முறை கடன் இல்லை. அப்பத்தாவிடம் ஆளுக்கு 12 முட்டை. மொத்தம் 36 முட்டை, 540 ரூபாய். அடைக்கோழியை உறவுக்காரர் வீடுகளில் இரவல் வாங்கினார்கள்.

அப்பத்தா சொன்னபடி செய்தோம். ஏழு நாளுக்கு உட்பட்ட முட்டை. அழுக்கு இல்லாதது, கீறல் இல்லாதது, மிகப் பெரிதோ சிறிதோ இல்லாதது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், நிழலான குளிர்ந்த இடத்தில் மணலில் வைத்தது. அடைக்கோழிக்குச் செள் பேன் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். பேன் கடித்தால் கோழி எழுந்துவிடும், முட்டை கெட்டுவிடும். ஏழாம் நாள் இரவு, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே சிலந்தி வலை போல ரத்த நரம்பு ஓடினால் கருக்கூடிய முட்டை. தெளிவாக இருந்தால் கூமுட்டை. கூமுட்டையை எடுத்துவிட்டோம்.

21-ஆம் நாள் 28 குஞ்சு பொரிந்தது. கருப்பு, செவலை, முதுகில் கோடு போட்டது எனப் பல நிறம். மஞ்சள் குஞ்சைப் பார்த்துச் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டாரே, அந்தச் சகோதரி கூடையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் குஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

28-ல் 22 வளர்ந்தது. 12 பெட்டை, 10 சேவல். ஒன்றை மட்டும் அப்பத்தாவுக்கு மாற்றுச் சேவலாகக் கொடுத்தார்கள். மூன்று சேவலை இனத்துக்கு வைத்துக்கொண்டு, மற்றவற்றை விற்றார்கள். பெட்டை ஒன்றையும் விற்கவில்லை. 2024 இறுதியில் மூன்று வீட்டிலும் சேர்த்து நாற்பதுக்கு மேல் பெட்டைகள் நின்றன. இப்போது மற்றக் குழுக்கள் முட்டைக்கு இவர்களிடம் வருகிறார்கள். வருபவர்களை இவர்கள் நேராகக் கொட்டகைக்குக் கூட்டிப்போகிறார்கள். "முதல்ல தாயைப் பாருங்க, அப்புறம் விலை பேசலாம்" என்கிறார்கள்.

பெரிய அளவில் தாய்க்கோழிப் பண்ணையும் பொரிப்பகமும் வைக்க, 2021-ல் மாற்றியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியத்துக்கு வழி செய்யப்பட்டது. குழுக்களும் விண்ணப்பிக்க இடம் உண்டு. ஆனால் அது ஆயிரம் தாய்க்கோழி வைக்கும் திட்டம். மீதித் தொகையைக் கடனாகவோ சொந்தப் பணமாகவோ நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். முப்பது கோழியை இரண்டு ஆண்டு நட்டமில்லாமல் வளர்த்துக் காட்டிய பிறகு, கால்நடை மருத்துவரிடம் அன்றைய விதிமுறைகளைக் கேட்டு யோசிக்கலாம்.

ஒரு தீர்மானம்

நம் கூட்டமைப்பின் தீர்மான நோட்டில் இப்போது ஒரு வரி இருக்கிறது: "கோழி, ஆடு, மாடு எதை விற்க வருபவராக இருந்தாலும், நம் உறுப்பினர் இருவர் அவர் பண்ணைக்கு நேரில் போய்த் தாய் விலங்கைப் பார்த்து வந்து சொல்லும் வரை, கூட்டத்தில் பேச இடம் தருவதில்லை." இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது நாங்கள் அல்ல, ஆட்டை விற்றுத் தவணை கட்டிய சகோதரி. நாங்கள் கையெழுத்துப் போட்டோம்.

குழுவை விட்டுப் போன சகோதரி இன்னும் திரும்பவில்லை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போய், ஒரு பெட்டையும் ஆறு குஞ்சும் தருகிறோம் என்றோம். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். காத்திருக்கிறோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊரில் பல ஆண்டாகச் சிறுவிடை வைத்திருக்கும் வீடுகள் எவை? அடைக்கோழி இப்போது எந்த வீட்டில் நிற்கிறது? பெயர்களை நோட்டில் எழுதுங்கள்.

2. அந்த வீடுகளில் சேவலை மாற்றி எத்தனை நாள் ஆயிற்று? பக்கத்து ஊர்க் குழுவோடு சேவல் மாற்றிக்கொள்ள முடியுமா?

3. கடைசியாக நாம் கடன் எடுத்து வாங்கிய பொருளை, வாங்கும் முன் நேரில் போய்ப் பார்த்தோமா?

4. கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சந்தேகம் கேட்டபோது, நாம் அவரை ஆதரித்தோமா, "சும்மா இரு" என்றோமா?

நான்காவது கேள்விக்கு மறக்காமல் நேரம் ஒதுக்குங்கள். பதில்களை எழுதி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தாயைப் பார்ப்போம்! கணக்கைக் கேட்போம்! பிறகு குஞ்சை வாங்குவோம்!